தேவகி கேட்ட சாக்கு

போன வாரம் நம் லாரி யார்டுக்கு வந்திருந்தேன். சம்பளப் பாக்கி வாங்க வந்தேன் என்று நினைத்தீர்களாம். இல்லை அம்மா, புதுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படித்தான் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன். பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதில் ஒருத்திக்கும் பயிற்சி தேவையில்லை. அதில் எல்லோரும் பாஸ்.

உங்களில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், பச்சைத் துப்பட்டா, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள், கழுத்தை நீட்டினாள், இன்னும் கொஞ்சம் விட்டால் இடுப்பு வரைக்கும் வெளியே வந்திருப்பாள். ஆனால் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கத்தான் மனசு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். டீக்கடைப் பக்கம் நாலைந்து ஆண் டிரைவர்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் சிரிப்பார்கள்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், காசு ஒன்றும் கேட்க மாட்டேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ஈஜிபுராவில் பிறந்து, ஈஜிபுராவிலேயே குடித்தனம் நடத்தி, பால் வண்டி, தண்ணி வண்டி எல்லாம் ஓட்டிவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு இந்தக் கம்பெனியில் லாரிக்கு வந்தவள். முழங்கால் 'போதும் தாயே' என்று கும்பிட்டதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். என்னை அக்கா என்றே கூப்பிடுங்கள். ஆன்ட்டி என்று கூப்பிட்டவளுக்கு நான் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்த விதத்தைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் சேர்ந்தபோது எங்கள் கம்பெனி முதன்முதலாகப் பெண்களை எடுத்தது. ஒரு கூட்டமாகத்தான் சேர்ந்தோம். முதல் மாதத்திலேயே பாதிப்பேர் போய்விட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை, தண்ணீர் குடிக்காமல். சிரிக்காதீர்கள். வழியில் போக இடம் இருக்காது என்று வாயில் சொட்டுத் தண்ணீர் வைக்காமல் சித்ரதுர்கா வரைக்கும் ஓட்டுவார்கள். அங்கே போய்ச் சேரும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று எனக்குச் செய்தி வந்திருக்கிறது. குடியுங்கள். பெட்ரோல் பங்கில் பாத்ரூம் சாவி இல்லை என்று சொன்னால், சாவி வருகிற வரைக்கும் பம்ப்புக்கு எதிரே வண்டியை நிறுத்தி வையுங்கள். அவ்வளவு பெரிய வண்டி வழியை மறித்து நின்றால் எந்தச் சாவியும் கிடைத்துவிடும்.

கடைசியில் மிஞ்சியது நானும் தேவகியும்.

தேவகி ஜோலார்பேட்டைக்காரி. பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். அங்கே பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். முன்னால் போனவள் திரும்பி வருகிற வரைக்கும் அடுத்தவள் காலை இறுக்கிக்கொண்டு தைக்க வேண்டும். "லாரின்னா எப்ப நிறுத்தணும்னு நானே முடிவு பண்ணலாம்ல, அதுக்குத்தான்கா வந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். லைசென்ஸ் எடுக்கக் காதில் கிடந்ததை விற்றவள் அவள். இங்கே தேறாவிட்டால் திரும்பவும் அந்த மெஷினுக்கு முன்னால்தான் போய் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அவள் முகம் சுண்டிவிடும்.

நன்றாக ஓட்டுவாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்று இப்போது சொல்லலாம், இப்போது எனக்குப் போட்டி இல்லை. ஒரே குறை, கன்னடம் சுத்தமாக வராது. எங்களுக்கு ஈஜிபுராவில் வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே கன்னடம், முட்டை வாங்கப் போனால் உருது. எது எந்த பாஷை என்றே எங்களுக்குத் தெரியாது. தேவகிக்கு எல்லாமே தமிழாகத்தான் காதில் விழும். அங்கேதான் வந்தது வினை.

ஹுப்ளிக்கு ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனோம். வெஸ்டர்ன் டாய்லெட் பேசின்கள். பாதை நெடுக அதை வைத்துச் சிரித்துக்கொண்டே போனோம். இத்தனை கக்கூஸைப் பின்னால் வைத்துக்கொண்டு நமக்குப் போக ஒரு இடம் இல்லையே என்று. அங்கே கோடவுனில் நான் கை கால் கழுவப் போன நேரத்தில், தேவகி வண்டியை லோடு இறக்குகிற மேடையை நோக்கிப் பின்பக்கமாக எடுத்திருக்கிறாள். மூட்டை தூக்குகிற ஒரு பெரியவர் பின்னால் நின்றுகொண்டு "பர்லி, பர்லி" என்று கை காட்டியிருக்கிறார். வரட்டும், வரட்டும். அது அவளுக்கும் புரிந்துவிட்டது. மேடை நெருங்கியதும் அவர் "சாக்கு, சாக்கு" என்றிருக்கிறார்.

கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று பொருள். நிறுத்து என்று அர்த்தம். நம் ஆளுக்கு என்ன கேட்டிருக்கும்? சாக்கு. கோணிச் சாக்கு. பின்னால் ஏதோ சாக்கு கிடக்கிறது, அதற்காகத்தான் கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் "சாக்கு, சாக்கம்மா, சாக்கு" என்று தொண்டை கிழியக் கத்த, இவள் நிதானமாகப் பின்னால் வந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

டமால் என்று ஒரு சத்தம். நான் ஈரக் கையோடு ஓடி வந்தேன். பின்கதவு மேடையில் இடித்து மடங்கிப் போயிருந்தது. உள்ளே ஒரு பேசின் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவர்தான் அவ்ளோ கத்தினாரேடி, காதுல விழலையா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சுக்கா. ஒரு சாக்குக்குப் போயி இவ்ளோ கத்துறாரேன்னு நெனச்சேன். பழைய சாக்குதானே, மேல ஏறுனா என்ன ஆயிடப் போவுதுன்னுதான்கா வந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். விஷயத்தைக் கேட்டு அந்தப் பெரியவரும் சிரித்தார். நாங்கள் பெங்களூர் திரும்புவதற்குள் மடங்கின கதவின் போட்டோ யார்டில் இருந்த எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பெயர் சாக்கு தேவகி.

திரும்பி வருகிற வழியில் தாவணகெரேயில் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் சாதம் போட்டுக்கொண்டே இருந்தார். தேவகி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக "சாக்கு" என்றாள். அவர் கை நின்றது. "நின்னுட்டாருக்கா" என்று என் பக்கம் திரும்பி முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள். சாம்பாருக்கும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பொரியலுக்கும் சொன்னாள். பாவம், அன்றைக்கு அவள் அரை வயிறுதான் சாப்பிட்டாள்.

யார்டில் எங்கள் மேனேஜர் இருந்தார். மல்லேஸ்வரத்து மனிதர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் காப்பி ஃபிளாஸ்க். கோபம் வந்தால் குரல் இறங்கும், அதுதான் அவரிடம் பயம். பெண்களை எடுக்கலாம் என்று மேலிடத்தில் பேசி எங்களைக் கொண்டுவந்தவரும் அவர்தான். தேவகியை நிற்க வைத்து மெதுவாகச் சொன்னார்.

"பாரும்மா. பூனா லைனுக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன். அங்க கஸ்டமரோட லோடு இறக்கற மேடையில வரிசையா வண்டி நிக்கும். ஒரே மூச்சுல பின்னால எடுத்து வெச்சுட்டு இறங்கணும். நடுவுல இறங்கறது, ஏறறது, சுத்திப் பாக்கறது எல்லாம் அங்க நடக்காது. சனிக்கிழமை இங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவை எடுத்துக் காட்டு. சரியா வந்தா பூனா. நடுவுல இறங்கினியோ, இடிச்சியோ, நான் உனக்காகப் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது."

இந்த 'இறங்கக் கூடாது' என்பது அவர் ஒருவர் போட்ட சட்டம் இல்லை. யார்டில் எல்லோருக்கும் அது ஒரு கௌரவப் பிரச்சினை. கண்ணாடியைப் பார்த்தே வண்டியை மேடையோடு ஒட்டவைப்பவன்தான் டிரைவர். இறங்கிப் போய்ப் பார்க்கிறவன் எல் போர்டு. ஆண்களுக்கே அந்தப் பேச்சு என்றால் எங்கள் கதையைக் கேட்க வேண்டுமா?

உங்கள் வண்டியில் இப்போது பின்னால் கேமரா இருக்கிறது, எனக்குத் தெரியும். அதில் சேறு அப்பிய பிறகு வந்து என்னிடம் பேசுங்கள்.

சனிக்கிழமை வந்தது. ஆனேக்கல் போகிற பாதையில் அப்போது எங்கள் யார்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வேடிக்கைக்கு வந்துவிட்டார்கள். தேவகி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் வாழைப்பழம் கொடுத்தேன், அதையும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்து கசக்கிவிட்டாள். மேனேஜர் மேடை ஓரமாக நிழலில் நின்றார்.

வண்டியைத் திருப்பி நேராக்கி, பின்பக்கமாக எடுத்தாள். அழகாக வந்தது. அத்தனை பேரும் ஆளுக்கொரு பாஷையில் வழி சொன்னார்கள். ஒருத்தர் "வா வா" என்கிறார், ஒருத்தர் "பர்லி" என்கிறார், இன்னொருத்தர் "ஆனே தோ" என்கிறார். இத்தனைக்கும் நடுவில் அவள் கண்ணாடியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இன்னும் ஒரு ஆள் நீளம்தான் பாக்கி. நான் கும்பிடாத சாமி இல்லை.

அப்போது மேடை மேலே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு தர்மபுரிக்காரர், லோடு இறக்குகிறவர், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"கீழ சாக்கு கெடக்குது பாரு."

பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. வண்டி குலுங்கி நின்றது.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் யார்டே சிரித்தது. சேலத்து டிரைவர் ஒருத்தர், நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது, கையைத் தட்டிக்கொண்டே சத்தம் போட்டார்.

"ஏ தேவகி, இது கன்னட சாக்கு இல்லம்மா, நம்ம ஊரு சாக்கு. ஏத்திக்கினு வா."

இன்னும் பெரிய சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். பின்சக்கரத்துக்குப் பின்னால், மேடையின் நிழலில், பழைய கோணிச் சாக்குகள் நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லா யார்டிலும் கிடக்கிற சாக்குகள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. வாடி கண்ணு, இறங்காதே, இன்னும் கொஞ்சம்தான் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

பெண்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மலைப்பாதை இறக்கம், மழை, பிரேக் சூடேறுவது, எதிரே வருகிறவனின் லைட்டு, இதற்கெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நாலு பேர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அது மாதிரி ஒரு அவசரம் உலகத்தில் இல்லை. எதையாவது செய்து அந்தச் சிரிப்பை நிறுத்தினால் போதும் என்று கை தானாக கியருக்குப் போகும்.

தேவகியின் கை இன்ஜின் சாவிக்குப் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்து, படியில் கால் வைத்து, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"அய்யோ, இறங்கிட்டாளே" என்றார் யாரோ. மேனேஜர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். பூனா போயிற்று என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் யாரையும் பார்க்காமல் வண்டியின் நீளத்துக்கும் நடந்து பின்னால் போனாள். "சாக்குக்குத் தனியா சலாம் போடப் போவுது பொண்ணு" என்று சேலத்துக்காரர் சொன்னது நன்றாகக் கேட்டது. தேவகி குனிந்தாள். மேலே கிடந்த சாக்கின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

கீழே ஒரு கால் இருந்தது.

விடியற்காலை வரைக்கும் சிமெண்ட் இறக்கிய ராய்ச்சூர்க்காரப் பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்கும், வெயிலுக்கும் ஈக்கும் பயந்து சாக்கை விரித்து, சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறான். சக்கரத்துக்கும் அவன் மார்புக்கும் நடுவில் ஒரு முழம் இருக்குமா? இருக்காது. இவ்வளவு சத்தத்துக்கும் அவன் அசையவில்லை. அவ்வளவு அசதி. தேவகி தோளைத் தொட்டு உலுக்கியதும்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். எதிரே ஒரு பெண், தலைக்கு மேல் ஒரு லாரி. அவன் கேட்டது இதுதான்.

"ஏனக்கா, லோடு பன்த்தா?"

லோடு வந்துவிட்டதா அக்கா என்று கேட்கிறான்.

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பீடி பிடித்துக்கொண்டிருந்த தர்மபுரிக்காரர் மேடையிலிருந்து குதித்து வந்து அந்தப் பையனின் தலையையும் கையையும் தடவிப் பார்த்தார். அவருக்கும் அங்கே ஆள் இருப்பது தெரியாது. நல்ல சாக்கு வீணாகிறதே என்றுதான் சொல்லியிருக்கிறார். சேலத்துக்காரர் அப்படியே தரையில் குந்திவிட்டார். 'ஏத்திக்கினு வா' என்று சொன்ன வாய் அது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் அவர் வண்டி எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று வராமல் இருந்ததில்லை. யாராவது பார்த்தால் மட்டும் டயரை இரண்டு தட்டுத் தட்டுவார், காற்று பார்க்கிறாராம்.

தேவகி வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"தமிழ்லதான் சொன்னாருன்னு உனக்கு வெளங்கலையாடி?" என்று காதோரம் கேட்டேன். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வெளங்குச்சுக்கா. நல்லாவே வெளங்குச்சு. ஹுப்ளியிலயும் எனக்கு நல்லா வெளங்குச்சுன்னு நெனச்சுத்தானே ஏத்துனேன்."

மேனேஜர் வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. அந்தப் பையனைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். குரல் அடங்கிப் போயிருந்தது.

"ஏறும்மா. விட்ட எடத்துலேர்ந்து முடிச்சுடு."

அதாவது, இறங்கினதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்கிறார். இன்னும் ஒரு ஆள் நீளம். அவ்வளவுதான் மிச்சம். நான் அவள் முதுகைத் தள்ளினேன்.

தேவகி ஏறவில்லை. இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். விரல்கள் தனித்தனியாக ஆடின.

"கை நடுங்குது சார். இப்ப நான் வண்டியத் தொட மாட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார், இவள் உள்ளே வர மாட்டேன் என்கிறாள். மேனேஜர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷத்துல ஒரு டிரைவர்கூட எங்கிட்ட வந்து கை நடுங்குதுன்னு சொன்னதில்லை" என்றார்.

பிறகு சாவியை வாங்கிக்கொண்டு அவரே ஏறினார். அந்தக் காலத்தில் ஓட்டியவர்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், யாரும் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினார். இன்ஜினைப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், சாக்குகளை அப்போதே எடுத்துப் போட்டாகிவிட்டது. வண்டி நகரவில்லை.

இன்ஜின் நின்றது. கதவு திறந்தது. இஸ்திரிச் சட்டையோடு மேனேஜர் ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் வரைக்கும் நடந்து போய், குனிந்து, வெறும் தரையைப் பார்த்தார். அப்புறம் திரும்பி வந்து ஏறி, வண்டியை மேடைக்கு ஒட்டவைத்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இறங்கி வந்தவர் சாவியைத் தேவகியின் கையில் வைத்தார். அது அவள் விரல்களில் கிணுகிணுத்தது.

"திங்கட்கிழமை பூனாவுக்கு லோடு இருக்கு. நீ எடுத்துண்டு போ. நடுக்கம் நின்னப்புறம் கெளம்பினா போதும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. "அப்ப டெஸ்ட்டு சார்?" என்று கேட்டாள்.

அவர் சட்டையில் பட்ட மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"எனக்கு முடிஞ்சுதும்மா" என்றார். "நீ போய் ஏதாவது சாப்பிடு."